புகை விதியும் மின்னணு டீசல் பம்பும்

50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு, 2023 ஜனவரி முதல் 'டிரெம் 4' என்னும் கடுமையான புகை விதி நடைமுறைக்கு வந்துள்ளது. இதனால் அவற்றில் டீசல் தெளிப்பு மின்னணுக் கட்டுப்பாட்டுக்கு மாறியுள்ளது.

பழைய பம்பில் டீசல் அளவைக் கூட்டிக் குறைப்பது கவர்னர். சட்டிக்கலப்பை மண்ணில் இறுகி, இஞ்சின் வேகம் குறைந்த பிறகே அது டீசலைக் கூட்டும். எரியாத மிச்சம் கரும்புகையாகும். புதிய முறையில் 'காமன் ரெயில்' குழாயில் டீசல் பேரழுத்தத்தில் காத்திருக்கும். பின்சக்கரக் காற்றழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேல்! எப்போது, எவ்வளவு தெளிப்பது என்பதைச் சிறு கணினி முடிவு செய்கிறது.

ஆகவே, காற்றுப் பிடித்தால் நாசில் குழாயைத் தளர்த்தி இஞ்சினைச் சுற்றும் பழக்கம் இங்கு அறவே கூடாது. கைதேர்ந்த மெக்கானிக்கும் பழக்கத்தில் இதைச் செய்துவிடக்கூடும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளிறங்கும். காயம் ஊசிமுனை அளவே இருந்தாலும், வலி இல்லாவிட்டாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

டீசலில் கலந்த தண்ணீரையும் இது பொறுக்காது. வடிகட்டியின் அடியில் சேர்வதைத் தவறாமல் வடித்துவிடவும். கலப்பையை டிராக்டரில் மாட்டியபடி வெல்டிங் வைக்க நேர்ந்தால், முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிடுதல் நலம். வாங்குமுன், கணினியின் பழுதைப் படிக்கும் கருவி எந்த ஊர்ப் பட்டறையில் உள்ளது என்றும் விசாரிக்கவும்.