கஞ்சிக்கு எத்தனை நிமிடம்?

பாளையங்கோட்டையில் பலசரக்குக் கடைக்குப் போனால் மசாலா ஓட்ஸும் உளுந்தங்கஞ்சி மிக்ஸும் ஒரே அலமாரியில் கிடைக்கின்றன. வெந்நீர் இருந்தால் போதும், சில நிமிடங்களில் காலைச் சாப்பாடு தயார் என்கின்றன இரண்டும். இதில் எது உடம்புக்கு நல்லது என்ற பேச்சு, நடைப்பயிற்சி மைதானத்திலிருந்து டாக்டரின் காத்திருப்பு அறை வரை ஓடிக்கொண்டிருக்கிறது. ஓட்ஸா, உளுந்தா என்று கேட்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: தானியத்தை எவ்வளவு பொடித்திருக்கிறார்கள்?

நொய், அவல், மாவு

உமி நீக்கிய ஓட்ஸ் மணியை இரண்டு மூன்று துண்டாக வெட்டினால் அது ஒருவகை நொய்தான். வேக அரை மணி நேரம் வேண்டும். ஆவியில் வேகவைத்து உருளைகளுக்கு நடுவே நசுக்கினால் அவல் மாதிரி ஆகிவிடும். ஐந்து நிமிடம் போதும். அமெரிக்காவின் குவாக்கர் நிறுவனம் 1922-இல் சீக்கிரம் வேகும் ஓட்ஸை விற்கத் தொடங்கியது. இன்னும் மெல்லிசாக நசுக்கி, வெந்நீர் ஊற்றினாலே குழைந்துவிடும் உடனடி ஓட்ஸை 1966-இல் கொண்டுவந்தது.

அடுப்பில் மிச்சமான நேரம் வயிற்றிலும் மிச்சமாகிறது. செரிமானத்துக்கு அதிக வேலை இல்லாததால் சர்க்கரை ரத்தத்தில் வேகமாக ஏறுகிறது. அந்த வேகத்தைக் காட்டும் கிளைசெமிக் இண்டெக்ஸ் வெட்டிய ஓட்ஸுக்கும் தடித்த அவல் ஓட்ஸுக்கும் ஏறத்தாழ 55. உடனடி ஓட்ஸுக்கு 75-ஐ ஒட்டி வருகிறது. எல்லாம் ஒரே தானியம்தான்.

ஓட்ஸின் புகழுக்குக் காரணம் பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்து. தினமும் 3 கிராம் சேர்ந்தால் இதய நோய் அபாயம் குறையலாம் என்று பொட்டலத்தில் அச்சிட அமெரிக்க உணவு, மருந்துத் துறை 1997-இல் அனுமதித்தது. அந்த 3 கிராமுக்கு 60 முதல் 75 கிராம் ஓட்ஸ் சாப்பிட வேண்டும். ஒரு சின்ன மசாலா பாக்கெட்டில் அவ்வளவு இருக்காது.

மூன்று மண்ணின் கிண்ணம்

உளுந்தங்கஞ்சிக்குள் நெல்லைச் சீமையின் மூன்று நிலங்களும் இருக்கின்றன. அரிசி, கார் பிசானம் என்று இரண்டு போகம் விளையும் தாமிரபரணிப் பாசனத்திலிருந்து. உளுந்து, மழையை நம்பிய கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலிலிருந்து. கருப்பட்டி, புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிப் பனங்காட்டிலிருந்து. சுக்கு, பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பால் சேர்ந்தால் கஞ்சி முழுமையாகிவிடும்.

100 கிராம் உளுந்தில் புரதம் 23 கிராம் அளவு. ஓட்ஸில் பொதுவாக 13 கிராமை ஒட்டி. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் உளுந்தில் இருக்கிறது. உளுந்தில் குறைவானதை அரிசி ஈடுகட்டுகிறது. பெரியமனுஷியான பிள்ளைக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் உளுந்தங்களி கிண்டிக் கொடுத்த ஆச்சிமார் இந்தக் கணக்கைக் கையால் போட்டு வைத்திருந்தார்கள்.

ஆனாலும் நம்மூர்ச் சரக்கு என்பதற்காகச் சலுகை காட்ட முடியாது. மாவாக அரைத்த உளுந்தங்கஞ்சி மிக்ஸுக்கும் உடனடி ஓட்ஸுக்குச் சொன்ன அதே நியாயம்தான். சர்க்கரை நோயாளிக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான். தொலி நீக்கிய உளுந்தில் நார்ச்சத்தும் குறைந்துபோகிறது.

பொட்டலத்தின் பின்பக்கம்

வாங்குவதற்கு முன் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் அதிக எடையுள்ளதுதான் முதலில் வரும். சர்க்கரையோ வெல்லமோ முதலிடத்தில் இருந்தால் அது கஞ்சி இல்லை, இனிப்பு. மசாலா வகைகளில் சோடியத்தைப் பாருங்கள்: 400 மில்லிகிராம் என்றால் உப்பு 1 கிராம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அவசரத்துக்கு வேறு வழியே இல்லையா? இருக்கிறது. தொலி உளுந்து இரண்டு பங்கு, புழுங்கலரிசி ஒரு பங்கு, வெந்தயம் கொஞ்சம். தனித்தனியே வறுத்து, நைசாக அரைக்காமல் ரவைப் பதத்தில் உடைத்து வைத்துக்கொள்ளலாம். ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட்டால் காலையில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். அதற்கும் நேரமில்லாதவர்களுக்கு, முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்த பழையதும் சுண்டக்கறியும் இருக்கவே இருக்கின்றன. காலையில் அடுப்பே பற்றவைக்க வேண்டாம்.

பாக்கெட்டுக்கும் இந்த ரவைக் கஞ்சிக்கும் இடையே பத்து நிமிடம்கூட வித்தியாசமில்லை. ஆனால் பல வீடுகளில் அந்த நிமிடங்கள் ஒரே ஒரு பெண்ணின் காலைப்பொழுதிலிருந்துதான் போகின்றன. பள்ளிக்கூட வேனும் அலுவலகப் பேருந்தும் துரத்தும்போது அவர் பாக்கெட்டைக் கிழிப்பதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. உளுந்தங்கஞ்சியின் பெருமை பேசும் ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை உளுந்தை வறுத்து மாவு மில்லுக்கு எடுத்துப் போகட்டும். காலையில் அடுப்படியில் நின்று கிண்டவும் செய்யட்டும். அதற்குப் பிறகு பாக்கெட்டைப் பற்றிப் பேசலாம்.