கைகாட்டி அழைக்கும் பூனை

பயணம் புறப்படுகையில் பூனை குறுக்கே வந்தால், சற்று இருந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொல்வார் எனது அம்மம்மா. அப்படி வளர்ந்த நான், பூனைகளைப் பார்ப்பதற்கென்றே ஒரு பௌத்த விகாரைக்குப் போனேன். 2018 ஆம் ஆண்டு பயிற்சி ஒன்றிற்காக ஜப்பான் சென்றிருந்தபோது, ஓய்வு நாளொன்றில் கிடைத்த சந்தர்ப்பம் அது. விகாரை என்றதும் முதலில் தயங்கினேன். ஏனென்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

டோக்கியோ நகரின் செட்டகயா பகுதியில், அமைதியான குடிமனைகளுக்கிடையே இருக்கிறது கோடோகுஜி விகாரை. ஸென் பௌத்தத்தின் சோட்டோ பிரிவைச் சேர்ந்தது. பெரிய மரங்கள், மணிக்கூடம், மூன்று தட்டுக் கோபுரம். அந்தக் கோபுரத்தின் மரவேலைப்பாட்டிலும் சிறு பூனைகள் ஒளிந்திருக்கின்றன.

பூனைக்கு இங்கே இத்தனை மதிப்பு வந்ததற்கு ஒரு கதை சொல்கிறார்கள். முன்னர் இது வறிய விகாரையாக இருந்தது. இங்கிருந்த துறவி தனது உணவைப் பகிர்ந்து ஒரு பூனையை வளர்த்தார். 17 ஆம் நூற்றாண்டில் ஒருநாள், இயி நவோதகா என்ற பிரபு வேட்டை முடித்து அவ்வழியால் வந்தார். வாசலில் இருந்த பூனை முன்காலைத் தூக்கி அவரை அழைத்தது. அவர் உள்ளே நுழைந்ததும் இடியும் மழையும் கொட்டின. தப்பிய அவர் துறவியின் போதனையைக் கேட்டு மகிழ்ந்து, விகாரையைத் தன் குலத்தின் விகாரையாக்கினார். 1659 இல் அவர் இறந்தபின் சூட்டப்பட்ட பெயரே விகாரையின் பெயராயிற்று.

இன்று ஒரு மண்டபத்தின் அருகே, தட்டுத் தட்டாக வெள்ளைப் பூனைப் பொம்மைகள் நிரம்பியிருக்கின்றன. விரலளவிலும் உண்டு, பெரியவையும் உண்டு. எல்லாமே வலது முன்காலை உயர்த்தி, எங்களைப் போலவே உள்ளங்கையை முன்னே காட்டி “வா” என்கின்றன. வேண்டுதல் வைப்பவர் ஒரு பொம்மையை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோவார். நிறைவேறியதும் திரும்பக் கொண்டுவந்து வைப்பார். இது எங்கள் நேர்த்திக்கடன்தானே!

கடைகளில் காணும் பூனைகளின் கையில் பொற்காசு இருக்கும். இங்குள்ளவற்றில் அது இல்லை. பூனை அதிர்ஷ்டத்தைக் கையில் தராது, சந்தர்ப்பத்தை மட்டுமே தரும் என்பது விகாரையின் விளக்கம்.

ஊர் திரும்பியதும் எங்கள் பெண்கள் குழுவின் மாதாந்தக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். முயற்சியைப் பற்றி நாலு வார்த்தை பேசலாம் என்பது எனது எண்ணம். அதற்குள், 2009 இலிருந்து கணவரைத் தேடும் ஒரு சகோதரி கேட்டார்:

“நிறைவேறாத ஆக்களின்ரை பூனை எங்கை மிஸ்?”

எனக்குப் பதில் வரவில்லை. அந்தத் தட்டுகளில் நான் கண்டவை நிறைவேறியவர்களின் பூனைகள். மற்றவை என் கண்ணிற் படவேயில்லை. வயதான அம்மா ஒருவர்தான் சொன்னார்:

“அது வீட்டிலைதான் இருக்கும் பிள்ளை. அவையோடை சேர்ந்து அதுவும் வாசலைப் பாத்துக்கொண்டிருக்கும்.”

சந்தர்ப்பம் வரும், முயலுங்கள் என்று சொல்வது எளிது. சந்தர்ப்பங்களே பறிக்கப்பட்டவர்களுக்கு அது போதாது. நான் பேச எண்ணியிருந்ததை அன்று பேசவில்லை. கூட்டம் முடிந்ததும் அந்தச் சகோதரியுடன் அவரது வீடுவரை நடந்தேன். தேநீர் தந்தார். நெடுநேரம் கணவரைப் பற்றிப் பேசினார்.

உங்கள் அயலிலும் அப்படியொரு வாசல் இருக்கும். அழைக்கும்வரை காத்திராமல் ஒருமுறை போய்வாருங்கள்.