ஆழம் காணும் காமிரா

வேங்கிக்காலில் நின்று, அண்ணாமலைக்கு நேராகக் கட்டைவிரலை நீட்டுங்கள். கண்களை ஒன்றுமாற்றி ஒன்றாக மூடினால் விரல் இடம்வலமாகத் தாவும், மலை அசையாது. அருகிலுள்ளதே அதிகம் தாவும். தாவலை அளந்தால் தொலைவு தெரிந்துவிடும் அல்லவா?

தொழிற்சாலையில், பெட்டியில் குவிந்த உதிரி பாகங்களை எடுக்கும் இயந்திரக் கைக்கும் இதே கணக்குத்தான். கண்களுக்குப் பதில் இரண்டு காமிராக்கள். ஆனால் ஒரே நிறமான தகட்டில், இரு படங்களிலும் ஒரே புள்ளியை எப்படி அடையாளம் காண்பது? ஒரு காமிராவின் இடத்தில் விளக்கை வைத்துப் புள்ளிக்கோலம் வீசுகிறார்கள். புள்ளிகள் விலகும் அளவு மேடுபள்ளத்தைக் கூறிவிடும். 2010இல் வந்த கினெக்ட் விளையாட்டுக் கருவி இவ்வாறே அகச்சிவப்புப் புள்ளிகளை வீசியது.

தொலைவு இருமடங்கானால் பிழை ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆகவே காமிரா அருகிலிருப்பதே நல்லது. பளபளக்கும் உலோகம்தான் இன்றும் தொல்லை. அது ஒளியைக் கண்ணாடிபோல் வேறெங்கோ திருப்பிவிட்டால், எடுக்க வேண்டிய பாகமே காமிராவுக்கு வெறும் ஓட்டையாகத் தெரியும்.