பொது இடத்தில் நிற்கும் கலை யாருக்குச் சொந்தம்?

கோவிலுக்குள் இருக்கும் சுரூபத்தைக் காண வேண்டுமாயின் நாம் கோவிலுக்குள் செல்ல வேண்டும். கலைக்கூடத்து ஓவியத்தைக் காண விரும்புகிறவர் சீட்டு வாங்கி உள்ளே போகிறார். விரும்பாதவர் தம் வழியே செல்கிறார். நாற்சந்தியில் நிறுத்தப்படும் சிலைக்கு இவ்விதி பொருந்தாது. வேலைக்குப் போகும் தொழிலாளியும், பள்ளி செல்லும் சிறுமியும், காய்கறி வாங்கப் போகும் மூதாட்டியும் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அதை நாள்தோறும் கண்டே ஆகவேண்டும். ஆகவே பொது இடத்துக் கலையைப் பற்றி, 'அது அழகானதா?' என்ற கேள்வியோடு மற்றொரு கேள்வியும் எழுகின்றது: அது யாருடையது? செய்த கலைஞருடையதா? பணம் கொடுத்தவருடையதா? அன்றி அதன் அருகே வாழும் மக்களுடையதா?

மேலை நாடுகளில் 1981ஆம் ஆண்டு முதல் நிறுவப்பட்ட மூன்று படைப்புகளின் வரலாறு இக்கேள்விக்கு விடை காண உதவும். கெபி கட்டுவதிலும் சுரூபம் நிறுவுவதிலும் ஆர்வம் மிகுந்த நம் பங்குகளுக்கும் அதில் பாடம் உண்டு.

வழியை மறித்த சுவர்

நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில் மத்திய அரசு அலுவலகங்கள் சூழ்ந்த முற்றம் ஒன்று உள்ளது. அங்கே 1981ஆம் ஆண்டு, புகழ்பெற்ற சிற்பி ரிச்சர்டு செர்ரா ஒரு மாபெரும் இரும்புச் சுவரை நிறுவினார். 'சாய்ந்த வில்' என்பது அதன் பெயர். நீளம் ஏறத்தாழ 36 மீட்டர். உயரம் மூன்றரை மீட்டருக்கும் மேல். அரசே கேட்டுக்கொண்டு, அரசே பணம் கொடுத்து அமைத்த படைப்பு அது. முற்றத்தைக் கடப்போர் தம் நடையையும் தம்மைச் சுற்றியுள்ள வெளியையும் புதிதாக உணரவேண்டும் என்பது சிற்பியின் கருத்து.

அலுவலகத்தில் பணிபுரிவோர் பலர் அவ்வாறு உணரவில்லை. நேர்வழியில் முற்றத்தைக் கடந்தவர்கள் சுற்றிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. உணவு வேளையில் அமர்ந்து இளைப்பாறிய இடத்தைச் சுவர் இரண்டாகப் பிளந்துவிட்டது என்று முறையிட்டனர். 1985ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பொது விசாரணை நடைபெற்றது. சுவர் இருக்கவேண்டும் என்று பேசியோர் 122 பேர். அகற்றவேண்டும் என்றோர் 58 பேர். ஆயினும் ஐவர் கொண்ட குழுவில் நால்வர் அகற்றவே தீர்ப்பளித்தனர். இந்த இடத்துக்கென்றே செய்த படைப்பை வேறிடத்துக்கு மாற்றுவது அதை அழிப்பதாகும் என்று சிற்பி வழக்காடியும் பயனில்லை. 1989ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் நாள் இரவில் சுவரைத் துண்டுகளாக்கிக் கிடங்குக்கு எடுத்துச் சென்றனர்.

செர்ரா பெரும் கலைஞர் என்பதில் ஐயமில்லை. கலை எப்போதும் மக்கள் கேட்டதையே தரவேண்டும் என்பதுமில்லை. ஆயினும் நாள்தோறும் அம்முற்றத்தில் நடந்தவர்களுக்கு அப்படைப்பில் எவ்விடமும் விடப்படவில்லை. அவர்கள் அதைச் சுற்றிச் செல்லலாம், அவ்வளவே.

சுரங்கத்தின்மேல் நிற்கும் வானதூதர்

இங்கிலாந்தின் வடகிழக்கே, டைன் ஆற்றின் தென்கரையில் கேட்ஸ்ஹெட் என்னும் ஊர் உள்ளது. தலைமுறை தலைமுறையாக நிலக்கரி வெட்டியும் கப்பல் கட்டியும் வாழ்ந்த மக்களின் நாடு அது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1984-85இல் நடந்த நீண்ட வேலைநிறுத்தமும் அவற்றைக் காப்பாற்றவில்லை. தந்தை செய்த தொழில் மகனுக்கு இல்லாமற் போயிற்று.

அவ்வூரில், முன்னர்ச் சுரங்கத் தொழிலாளர் வேலை முடித்துக் கரி போகக் குளித்த கட்டிடம் இருந்த மேட்டில், 1998ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஒரு வானதூதர் எழுந்து நின்றார். 'வடக்கின் வானதூதர்' எனப்படும் அச்சிலையின் உயரம் 20 மீட்டர். விரிந்த சிறகுகளின் அகலம் 54 மீட்டர். எடை 200 டன். கண்ணும் மூக்கும் அற்ற முகம். துருவின் செந்நிறம் படர்ந்த எஃகு உடல். சிறகுகள் சற்றே முன்னோக்கிச் சாய்ந்துள்ளமையால், எதிரே நிற்பவரை அணைக்க வருவது போன்ற தோற்றம் உண்டாகிறது.

இதனை அமைத்தவர் அந்தோணி கோர்ம்லி. கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்து, புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியரின் பள்ளியிற் பயின்றவர். இளமையில் இந்தியாவிலும் இலங்கையிலும் சில ஆண்டுகள் தங்கிப் பௌத்தத் தியான நெறியைக் கற்றவர். மண்ணுக்கடியில் இருளில் உழைத்த தலைமுறைகளின் நினைவை, வெளிச்சத்தில் மேட்டின்மேல் நிறுத்துவதே அவர் எண்ணம்.

மக்கள் உடனே மகிழ்ந்துவிடவில்லை. எட்டு லட்சம் பவுண்டு செலவா என்று கேட்டனர். அதிற் பெரும்பகுதி தேசிய லாட்டரி நிதியிலிருந்து வந்ததென்று சொல்லியும் முணுமுணுப்பு அடங்கவில்லை. சாலையில் செல்லும் ஓட்டுநரின் கவனம் சிதறும், தொலைக்காட்சி தெளிவாகத் தெரியாது என்றெல்லாம் அஞ்சினர். செய்தித்தாள்கள் எள்ளி நகையாடின. ஆயினும் நகரமன்றம் உறுதியாக நின்றது.

இவ்விடத்தில் வேறொரு செய்தியையும் கருதவேண்டும். கோர்ம்லி 1993ஆம் ஆண்டில் செயின்ட் ஹெலன்ஸ் என்னும் தொழில் நகரில், சிறுவரும் முதியோருமாக ஏறத்தாழ 100 பேரைக் கூட்டி, ஆளுக்குக் கொஞ்சம் களிமண் கொடுத்தார். கைக்கடக்கமான உருவம், அதில் இரண்டு கண்கள். மற்றபடி அவரவர் கைபோன போக்கு. இவ்வாறு உருவான ஏறத்தாழ 40,000 மண் உருவங்கள், பார்ப்பவரையே நிமிர்ந்து பார்க்கும்படி நெருக்கமாக நிறுத்தப்பட்டன. 1996இல் அவை கேட்ஸ்ஹெட்டில், கைவிடப்பட்ட இரயில்வே பணிமனை ஒன்றில் வைக்கப்பட்டன. வானதூதர் வருமுன்னரே, இச்சிற்பி எத்தகையவர் என்பதை அவ்வூரார் காண வாய்ப்புக் கிடைத்தது. சிலையின் எஃகு உடலும் அருகிலுள்ள ஹார்ட்லிப்பூல் நகரின் பட்டறையில், அவ்வட்டாரத் தொழிலாளரின் கையினாலேயே உருப்பெற்றது.

சிலை நிறுவப்பட்ட மூன்றாம் மாதம், நியூகாசில் கால்பந்துக் குழு இறுதியாட்டத்திற்குச் சென்றபோது, அதன் அன்பர்கள் பெரும் சட்டையொன்றைத் தைத்து, தூண்டிற் கயிற்றின் துணையால் வானதூதருக்கு மாட்டிவிட்டனர்! முதுகில் அவர்கள் நேசித்த ஆட்டக்காரரின் பெயரும் 9 என்ற எண்ணும் இருந்தன. சற்று நேரத்தில் அது அகற்றப்பட்டது. எனினும் தம் வீட்டுப் பிள்ளையல்லாத ஒன்றுக்கு எவரும் சட்டை தைப்பதில்லை. அன்று முதல் வானதூதர் அவ்வூரார் ஆகிவிட்டார் எனலாம்.

அதனினும் ஆழ்ந்த நிகழ்ச்சி பின்னர் நேர்ந்தது. சிலைக்கு அருகே உள்ள சிறு மரக்கூட்டத்தில், இறந்தோரின் உறவினர் நினைவுப் பொருள்களைக் கட்டத் தொடங்கினர். குழந்தையை இழந்த தாய் ஒரு பொம்மையை வைக்கிறாள். கணவனை இழந்தவள் ஒரு மடல் எழுதி வைக்கிறாள். நிழற்படங்களும் மலர்களும் கிளைகளில் தொங்குகின்றன. இதைச் செய்யும்படி எந்த அதிகாரியும் கட்டளையிடவில்லை. சிற்பியின் வரைபடத்திலும் இது இல்லை. கோவிலுக்குப் போகும் வழக்கம் அருகிவிட்ட நாட்டில், துயரப்படும் இதயம் தன் இறந்தோரை ஒப்படைக்க ஓர் இடம் தேடியது. விரிந்த சிறகுகளின் கீழே அதைக் கண்டது. ஆன்மப் பசி மறைந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

காலடியில் ஓர் இருக்கை

மக்களுக்கு இடம் கொடுக்கும் கலை அவர்களுக்கு இனிப்பாகவே இருக்கவேண்டுமா? வேண்டியதில்லை. கனடா நாட்டுக் கத்தோலிக்கச் சிற்பி திமோத்தி ஷ்மால்ஸ் 'வீடற்ற இயேசு' என்னும் வெண்கலச் சிற்பத்தைப் படைத்தார். பூங்கா இருக்கை ஒன்றில் போர்வையால் முகம் மூடிப் படுத்திருக்கும் ஏழை மனிதர். பாதங்களில் ஆணியின் தழும்பு. அதைக் கண்ட பின்னரே அவர் யாரென்று தெரியும். பெரிய கோவில்கள் இரண்டு அதனை ஏற்கத் தயங்கின. 2013இல் டொராண்டோ நகரில் இயேசு சபையாரின் கல்லூரி ஏற்றுக்கொண்டது.

மறு ஆண்டு அமெரிக்காவின் டேவிட்சன் நகரில் ஆங்கிலிக்கன் மரபுக் கோவில் ஒன்றன் முன் அதன் படி நிறுவப்பட்டது. வசதி மிக்கோர் வாழும் பகுதி அது. உண்மையிலேயே ஒரு வீடற்றவர் படுத்திருக்கிறார் என்றெண்ணிய ஒரு பெண்மணி காவல்துறையை அழைத்துவிட்டார்! நம்மில் எத்தனை பேர் அவ்வாறு அழைத்திராமல் இருந்திருப்போம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது நலம்.

இச்சிற்பமும் மக்களின் அமைதியைக் குலைத்ததே. நியூயார்க் சுவரிலிருந்து இது எவ்வாறு வேறுபடுகிறது? ஷ்மால்ஸ், இயேசுவின் பாதங்களுக்கு அருகே ஒருவர் அமரும் அளவுக்கு இருக்கையில் இடம் விட்டிருக்கிறார். திடுக்கிட்டவர் அங்கேயே உட்காரலாம், அந்தப் பாதங்களைத் தொடலாம், செபிக்கலாம். வத்திக்கான் நகரில் இதன் படியொன்று திருத்தந்தையின் தர்மப்பணி அலுவலகத்தின் வாயிலருகே, ஏழைகள் உதவி கேட்டு வரும் வழியிலேயே வைக்கப்பட்டிருப்பது எத்துணைப் பொருத்தம்!

நம் பங்குகளில்

1963ஆம் ஆண்டில் வெளியான திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டில், திருக்கலையில் ஆடம்பரத்தைவிட மாண்புமிக்க அழகையே நாடவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவுறுத்தியது. நம் ஊர்களில் கெபியோ சுரூபமோ எழுப்பும்போது இவ்வறிவுரை நினைவுக்கு வருகிறதா? நன்கொடையாளரின் பெயர் பொறித்த பளிங்குக்கல் பெரிதாகவும், செபிக்க வருவோர் நிற்கும் இடம் சிறிதாகவும் அமைந்துவிடுவதுண்டு. கம்பிக் கதவும் பூட்டும் முதலில் வந்துவிடுகின்றன. முழங்கால் வலிக்கும் முதியவள் அமர்ந்து செபமாலை சொல்ல ஒரு திண்ணை வருவதில்லை.

ஆகவே அடுத்த முறை பங்குப் பேரவை கூடி இதுபற்றிப் பேசும்போது, எவ்வளவு செலவாகும் என்று கேட்பதோடு இவற்றையும் கேட்போம். இவ்வூர் மக்கள் செய்துவந்த தொழிலும் பட்ட துன்பமும் இதில் எங்கேனும் தெரிகின்றனவா? நம் கொத்தனாரும் தச்சரும், நம் பிள்ளைகளும் இதில் கைவைக்க வழி உண்டா? துயரத்தோடு வருகிறவர் இதன் அருகே சற்று நேரம் இருக்க இடம் உண்டா? வீடற்ற ஒருவர் இரவில் இதன் நிழலில் ஒதுங்கினால் நாம் என்ன செய்வோம்?

இறுதிக் கேள்விக்கு நாம் அளிக்கும் விடையைப் பொறுத்தே மற்றவை அமையும். கல்லிலும் வெண்கலத்திலும் இயேசுவுக்கு இடமளிக்க விரும்பும் நாம், அவர் பசித்தவராகவும் அந்நியராகவும் நம் வாயிலுக்கு வரும்போது இடமளிக்கும் வரத்தை அவரிடமே வேண்டுவோமாக.