கடைசித் துண்டு யாருக்கு?

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் சிங்கப்பூரிலிருந்து ஸ்பெயினின் கிரனாடா நகருக்குச் சென்றேன். முதல் மூன்று வாரம் இரவு உணவு அறையில் தனியாகத்தான். தப்பும் தவறுமாக ஸ்பானிய மொழி பேசக் கூச்சம்.

ஒரு வெள்ளிக்கிழமை, வகுப்புத் தோழர்கள் நால்வர் ‘தாப்பாஸ்’ சாப்பிட அழைத்தார்கள். இரவு 9 மணிக்கு! அங்கு அதுதான் சாப்பாட்டு நேரம்.

‘தாப்பா’ என்றால் மூடி. சிறு தட்டுகளில் வரும் தின்பண்டங்களுக்கும் அதுவே பெயர். கிரனாடாவில் ஒரு பானம் வாங்கினால் பெரும்பாலும் ஒரு தாப்பா இலவசம். மாணவர்களுக்கு வேறென்ன வேண்டும்? நான் திராட்சைச் சாறு கேட்டேன். காரக் குழம்பு ஊற்றிய உருளைக்கிழங்கு வந்தது. பூண்டு மணக்கும் இறாலைக் காசு கொடுத்து வாங்கினோம். ஆளுக்கொரு தட்டு கிடையாது. நடுவில் வைத்து எல்லாரும் எடுத்துக்கொண்டோம்.

கடைசியாக ஒரு குரோக்கேத்தா மிஞ்சியது. யாரும் தொடவில்லை.

“இதற்கு ‘வெட்கத்தின் துண்டு’ என்று பெயர். எல்லாருக்கும் ஆசை, எடுக்கத்தான் வெட்கம்,” என்றார் ஸ்பானியத் தோழி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் கடைசி வடை இப்படித்தான் தட்டில் கிடக்கும். அதை அரைகுறை ஸ்பானிய மொழியில் சொன்னேன். ஏகப்பட்ட பிழைகள். யாரும் சிரிக்கவில்லை, “வடை என்றால் என்ன?” என்றுதான் கேட்டார்கள். விளக்கி முடிப்பதற்குள் நள்ளிரவாகிவிட்டது.

வெளிநாட்டில் படிக்கப் போகிறீர்களா? மொழி சரளமாக வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மேசையில் போய் உட்காருங்கள்.

அந்தக் கடைசித் துண்டா? நான்தான் எடுத்தேன்.