ஏழு அங்குலத் திரையும் சிவப்பு விளக்கும்

தொலைக்காட்சி நிலையத்தின் ஸ்டூடியோ கேமராவைக் கல்யாண மண்டபங்களில் காணப்படும் வீடியோ கேமராவிலிருந்து பிரித்துக் காட்டுவது படத்தின் தெளிவு என்று பலரும் கருதினாலும், அடிப்படையான வேறுபாடு, பல கேமராக்கள் ஒரே குழுவாக இயங்குவதற்கு வேண்டிய வசதிகள் அதனுள்ளேயே அமைந்திருப்பதுதான். அந்த வசதிகள் சில ஆண்டுகளுக்கு முன்புவரை பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே எட்டுவனவாக இருந்தன.

பழனி தண்டாயுதபாணி சுவாமி கோயிலில் 2023 ஜனவரி 27 அன்று குடமுழுக்கு நடைபெற்றபோது, மலையுச்சியில் நிற்க இடம் பெற்றவர்கள் திரண்டு வந்த கூட்டத்தில் ஒரு சிறு பகுதியினரே. அடிவாரத்தில் நின்றவர்கள் பெரிய திரைகளில்தான் அக்காட்சியைக் கண்டனர். இத்தகைய நேரலைக்குக் கோபுரத்தை நோக்கி ஒன்று, யாகசாலையில் ஒன்று, படிப்பாதையில் ஒன்று, கிரிவீதியில் ஒன்று எனப் பல கேமராக்கள் வேண்டும். காட்சி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது காவடித் துணியின் காவி ஒரு கேமராவில் சிவந்தும் மற்றொன்றில் வெளிறியும் தோன்றினால் பார்ப்பவரின் மனம் விழாவை விட்டு விலகிவிடும்.

பழனி மலைத்தொடரிலேயே, கொடைக்கானலின் உயரத்தில் நிற்கும் தூர்தர்ஷன் கோபுரம், நேர்கோட்டில் செல்லும் இயல்புடைய தொலைக்காட்சி அலைகளைத் தென்மாவட்டங்களுக்குப் பரப்புவதற்காக நிறுவப்பட்டது. வேறிடத்தில் உருவான படத்தை வாங்கி அனுப்புவதே அதன் பணியாக இருந்தது. பழனி அடிவாரத்திலேயே படத்தை உருவாக்க வேண்டுமானால் ஒளிபரப்பு வேனும், ஒவ்வொரு கேமராவுக்கும் தனியொரு கட்டுப்பாட்டுப் பெட்டியும், தடித்த கேபிளும் வந்தாக வேண்டியிருந்தது.

இந்த நிலையில், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் அருகே இயங்கும் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் 2014 ஏப்ரலில் தன் முதல் ஸ்டூடியோ கேமராவை 1,995 டாலர் விலையில் அறிவித்தது. 2021இல் வந்த 4கே பிளஸ் வகை 1,295 டாலருக்கும், 4கே புரோ வகை 1,795 டாலருக்கும் அறிவிக்கப்பட்டன. லென்ஸின் விலை இதில் அடங்காது என்பதை வாங்குவோர் முதலில் நினைவில் கொள்ள வேண்டும்.

இவ்விரு புதிய வகைகளில் ஒன்றைக் கையில் எடுப்பவரின் கண்ணில் முதலில் படுவது பின்புறத்திலுள்ள ஏழு அங்குலத் திரையும், வெயிலை மறைக்க அதன்மேல் கவிந்துள்ள மடிப்புக் கூரையும் ஆகும். அதைவிட முக்கியமானது 'டேலி' எனப்படும் விளக்கு. தன் படம் ஒளிபரப்பாகும்போது அது சிவப்பாகவும், அடுத்துக் காட்டப்படவிருக்கும்போது பச்சையாகவும் எரிவதால், எந்த நேரத்தில் கேமராவை அசைக்கலாம், எந்த நேரத்தில் மூச்சடக்கி நிற்க வேண்டும் என்பது ஒளிப்பதிவாளருக்குத் தெரிந்துவிடுகிறது. படங்களை மாற்றித் தரும் கருவிக்கு 'சுவிட்சர்' என்று பெயர். அதே நிறுவனம் 2019இல் 295 டாலருக்கு அறிவித்த ஏடெம் மினி சுவிட்சரோடு இணைத்தால், படம் வெளியே செல்லும் எச்டிஎம்ஐ கேபிளின் வழியாகவே டேலிச் செய்தி கேமராவுக்குத் திரும்பி வருவதோடு, வண்ணத்தையும் லென்ஸ் திறப்பையும் இயக்குநர் தம் இருக்கையிலிருந்தே சரிசெய்யவும் முடிகிறது. மேற்சொன்ன காவி நிறச் சிக்கலுக்கு இதுவே தீர்வு. புரோ வகையில் இயக்குநரோடு உரையாடுவதற்கான 'டாக்பேக்' வசதியும் உண்டு. நாதஸ்வரமும் வேட்டும் முழங்கும் இடத்தில் சைகையால் மட்டும் வேலை நடக்காது என்பதால், அறிவிப்பு விலையில் கூடுதலாக இருந்த 500 டாலருக்கு இந்த ஒரு வசதியே ஈடாகும்.

எச்டிஎம்ஐ கேபிளைப் பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் நம்ப முடியாது என்பதால், ஏறத்தாழ 690 படிகள் கொண்ட பழனி மலையில் பிளஸ் வகை மண்டபத்துக்குள் மட்டுமே பொருந்தும். எச்டி தரத்தில் நூறு மீட்டரளவு செல்லக்கூடிய எஸ்டிஐ கேபிளைப் புரோ வகை ஏற்கிறது. உச்சியிலிருந்து அடிவாரம்வரை கொண்டுசெல்லக் கண்ணாடி இழைக் கேபிளே வேண்டும்.

மாலையில் தங்கத்தேர் புறப்படும் வேளையில் இதன் திறன் நன்கு புலப்படும். ஒளியுணர்திறனை 25,600 ஐஎஸ்ஓ வரை உயர்த்த முடிவதால், விளக்குகள் மட்டுமே ஒளி தரும் பிராகாரத்திலும் பயன்படத்தக்க படம் கிடைக்கிறது. நொடிக்கு 60 சட்டகங்கள் என்ற அமைப்பைத் தவிர்த்து 25 அல்லது 50 என்று வைப்பது இன்றியமையாதது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டதாகையால், தவறான அமைப்பில் குழல்விளக்குகளும் அலங்கார விளக்குகளும் படத்தில் துடிக்கத் தொடங்கிவிடும்.

குறைகளும் உண்டு. இவ்விரு வகைகளிலும் ஒளி குறைக்கும் கண்ணாடிகள் உள்ளமைக்கப்படவில்லை. நண்பகல் வெயிலில் மொட்டைப் பாறை மின்னும்போது அவற்றை லென்ஸின் முன் தனியே மாட்ட வேண்டும். ஒளிபரப்புக் கேமராக்களில் ஒரே லென்ஸால் கலசத்தையும் எட்டிப் பிடித்து முழுக் கோபுரத்தையும் காட்ட முடிவதுபோல் இதில் எளிதில் முடியாது. கேமராவினுள் மின்கலம் இல்லாமையால் மின்சாரம் நின்றால் படமும் நின்றுவிடும். மழைக்கும் பனிக்கும் எதிரான காப்பும் இதற்கு இல்லை. கொடைக்கானலில் இதைக் கொண்டு பணிபுரிவோர், ஏரிக்கரைப் பனிமூட்டத்திலிருந்து அறையின் வெதுவெதுப்புக்கு எடுத்துச் செல்லும்போது, லென்ஸில் நீர் படியாதபடி கேமராவைப் பைக்குள்ளேயே சற்று நேரம் வைத்திருந்து, பிறகே முக்காலியில் ஏற்ற வேண்டும்.