எம்.பி.ஏ. முடித்த பிள்ளைகளின் ரெஸ்யூம்: செய்ததை விடாதீர்கள், செய்யாததை எழுதாதீர்கள்



எம்.பி.ஏ. முடித்து வேலை தேடும் நம் பிள்ளைகளில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். நகையை அடகு வைத்தும் கல்விக் கடன் வாங்கியும் பெற்றோர் படிக்க வைத்திருக்கிறார்கள். இத்தனை சிரமப்பட்டுப் படித்த படிப்பை, முகம் தெரியாத ஒரு நிறுவனத்திடம் எடுத்துச் சொல்லப் போவது ரெஸ்யூம் என்னும் ஒற்றைத் தாள்தான். நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடலாமா, வேண்டாமா என்பதைப் பெரும்பாலும் அந்தத் தாளை வைத்தே முடிவு செய்கிறார்கள்.

அந்தத் தாளில் நம் பிள்ளைகள் என்ன எழுதுகிறார்கள்? பெரும்பாலும் சீனியர் ஒருவரின் ரெஸ்யூமை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள். "கடின உழைப்பாளி", "குழுவோடு இணைந்து பணியாற்றுபவர்", "சவால்களை விரும்புபவர்" என்ற வரிகள் எல்லோருடைய தாளிலும் இருக்கின்றன. படிப்பவருக்கு அவற்றால் எதுவும் தெரிய வருவதில்லை. ஆனால் அந்தப் பிள்ளை உண்மையாகவே செய்த வேலைகள் தாளில் இருப்பதில்லை.

சொன்னால் பெருமையடிப்பதாகுமா?

கேட்டால், "என்னைப் பற்றி நானே எப்படிச் சொல்வது?" என்று தயங்குகிறார்கள். அடக்கம் நல்ல குணம்தான். ஆனால் யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். எகிப்தின் மன்னரிடம் பொறுப்பைக் கேட்டபோது, பாதுகாக்கும் திறனும் அறிவும் தம்மிடம் இருப்பதை அவர்களே எடுத்துச் சொன்னார்கள். தேவையான இடத்தில், உள்ள தகுதியை உள்ளபடி சொல்வது பெருமையடிப்பது ஆகாது. இல்லாததைச் சொல்வதுதான் தவறு.

கடையும் நோன்புக் கஞ்சியும் அனுபவம்தான்

கல்லூரி விட்டு வந்ததும் வாப்பாவின் கடையில் உட்கார்ந்த பிள்ளைகள் நம்மில் ஏராளம். அதை வேலையாகவே அவர்கள் எண்ணுவதில்லை. கொள்முதல், இருப்புக் கணக்கு, கடன் வசூல், வாடிக்கையாளரின் குறையைத் தீர்த்தல் ஆகியவற்றைத்தான் எம்.பி.ஏ. வகுப்பில் பாடமாகவும் படிக்கிறார்கள்.

ரெஸ்யூமை ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறோம். விளங்குவதற்காக ஓர் எடுத்துக்காட்டைத் தமிழில் தருகிறோம்.

"விற்பனையில் ஆர்வம் உள்ளவன்" என்று எழுதுவதை விட, "குடும்பத்தின் ஜவுளிக் கடையில் 3 ஆண்டுகள் மாலை நேர வேலை. நோட்டில் இருந்த இருப்புக் கணக்கை எக்ஸெலுக்கு மாற்றினேன். 40 மொத்த வாடிக்கையாளர்களின் பாக்கிப் பட்டியலை வாரந்தோறும் சரிபார்த்தேன்" என்று எழுதினால் படிப்பவர் நின்று பார்ப்பார். என்ன செய்தார், எவ்வளவு செய்தார், அதனால் என்ன மாறியது என்ற மூன்றும் ஒவ்வொரு வரியிலும் தெரிய வேண்டும். எண்கள் உங்கள் கடையின் உண்மையான எண்களாக இருக்க வேண்டும்.

பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிப் பொறுப்பை ஏற்ற பிள்ளைக்கும் இது பொருந்தும். ஒரு மாதம் முழுவதும், ஒவ்வொரு நாளும் இத்தனை பேருக்கு, மஃரிபுக்கு முன் கஞ்சி தயாராக இருக்க வேண்டும். அரிசி இருப்பு, நன்கொடை வரவு செலவு, தொண்டர்களுக்கு வேலை பிரித்தல் எல்லாம் அதில் அடங்கும். வெள்ள நிவாரணத்தில் பொருள் பிரித்துக் கொடுத்ததும், ஜமாஅத் நூலகத்தை நடத்தியதும் அப்படியே. வீட்டில் இருந்தபடி தையல் அல்லது உணவுத் தொழிலுக்குக் கணக்குப் பார்த்த பெண் பிள்ளைகளும் அதை எழுதலாம்.

தாளில் எது முதலில்?

புதிதாகப் பட்டம் பெற்றவருக்கு ஒரு பக்கம் போதும். மேலே பெயர், கைபேசி எண், மின்னஞ்சல், ஊர். விளையாட்டுப் பெயரில் உள்ள மின்னஞ்சலை விட்டுவிட்டுச் சொந்தப் பெயரில் ஒன்று தொடங்குங்கள். அடுத்து இரண்டு வரியில், நிதியா, மார்க்கெட்டிங்கா, மனிதவளமா, எந்தத் துறையில் என்ன வேலை தேடுகிறீர்கள் என்பது.

பிறகு கல்வி. கடைசியாகப் படித்தது முதலில் வர வேண்டும். அதன் பின் இன்டர்ன்ஷிப், புராஜெக்ட். புராஜெக்டின் தலைப்பை மட்டும் எழுதி விடாதீர்கள். எத்தனை பேரிடம் கேட்டீர்கள், என்ன கண்டீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். அடுத்து மேலே சொன்ன கடை, சமூகப் பணி அனுபவங்கள். கடைசியில் திறன்கள். "கம்ப்யூட்டர் தெரியும்" என்பதை விட எக்ஸெலில் பிவட் டேபிள், டேலி, ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் என்று தெரிந்ததைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

தகப்பனார் பெயர், மதம், திருமண நிலை, ஆதார் எண், புகைப்படம் ஆகியவை தனியார் நிறுவனங்களுக்கான ரெஸ்யூமில் பொதுவாகத் தேவையில்லை. கேட்டால் மட்டும் கொடுக்கலாம்.

பெரிய நிறுவனங்கள் பலவற்றில் ரெஸ்யூமை முதலில் கணினி மென்பொருளே வடிகட்டுகிறது. ஆகவே கட்டங்கள், படங்கள், வண்ண அலங்காரம் வேண்டாம். வேலை விளம்பரத்தில் கேட்டுள்ள திறன் உங்களிடம் இருந்தால், அதே சொல்லால் எழுதுங்கள். ஒரே தாளை எல்லா இடத்துக்கும் அனுப்பாமல், ஒவ்வொரு வேலைக்கும் ஏற்ப வரிகளை முன்பின் மாற்றிக்கொள்ளுங்கள்.

பொய் வேண்டாம்

தெரிந்தவரின் கம்பெனியில் அனுபவச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். இன்று நிறுவனங்கள் பட்டத்தைப் பல்கலைக்கழகத்திலும், முந்தைய வேலையை அந்த அலுவலகத்திலும் பி.எஃப். பதிவிலும் சரிபார்க்கின்றன. வேலையில் சேர்ந்த பிறகு தெரிய வந்தாலும் வேலை போய்விடும். அதை விடப் பெரிது, பொய்யின் மேல் நிற்கும் சம்பளத்தில் பரக்கத்தை எப்படி எதிர்பார்ப்பது? வாப்பாவின் கடையில் உதவியாக இருந்தவர் "பொது மேலாளர்" என்று எழுதுவதும் இதில் சேரும். அரியர் வைத்து முடித்தவரும், திருமணத்தாலோ உடல்நலக் குறைவாலோ இடைவெளி விழுந்தவரும் தேதிகளைத் திருத்த வேண்டாம். காரணத்தை ஒரு வரியில் நேர்மையாகச் சொல்லலாம்.

பெற்றோர் செய்ய வேண்டியது

ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் இதில் உதவலாம். ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு பிள்ளையோடு உட்கார்ந்து, "எந்த வருடம் கடையில் என்ன பார்த்தாய்? அந்த ரமலானில் எத்தனை பேருக்குக் கஞ்சி போனது?" என்று கேளுங்கள். பிள்ளை மறந்துபோன கணக்கு உங்கள் நினைவில் இருக்கும். எழுதி முடித்ததும், வேலையில் இருக்கும் உறவினர் ஒருவரிடமும் ஆங்கிலம் நன்கு அறிந்த ஒருவரிடமும் காட்டித் திருத்திய பிறகே அனுப்பச் சொல்லுங்கள்.

முயற்சி நம்முடையது, ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். நம் பிள்ளைகளுக்கு ஹலாலான, நிலையான வருமானத்தை அவன் தந்தருள்வானாக. ஆமீன்.